ஐந்து துளையைப் பார்த்து ஐந்நூறு தோட்டா வாங்காதீர்கள்

இங்கே மலேசியாவில், சுபாங் பக்கம் வார இறுதியில் சுடப் போகும்போதெல்லாம் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படுகிறது. கழகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருவர் புதுத் தோட்டாப் பெட்டியைப் பிரிக்கிறார், ஐந்து சுடுகிறார், இலக்கைக் காட்டும் திரையைப் படம் எடுக்கிறார், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "அண்ணே, என் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா கிடைத்துவிட்டது." எங்கள் காலத்தில் வாட்ஸ்அப் இல்லை. மற்றபடி எல்லாம் இதேதான்.

நான் இங்கே பேசுவது .22 லாங் ரைஃபிள் தோட்டாவைப் பற்றி. 1887இல் அமெரிக்காவில் பிறந்த இந்தச் சின்னத் தோட்டாவைத்தான் ஒலிம்பிக் 50 மீட்டர் பந்தயத்திலும் சுடுகிறார்கள். இப்போது 100, 200 மீட்டர் என்று தூரத்தை நீட்டும் போட்டிகள் வந்துவிட்டன. அதற்கென்றே புதிய வகைத் தோட்டாக்களும் கடைக்கு வருகின்றன. பெரிய நெடுந்தூரத் தோட்டாக்களைப் பற்றி இணையத்தில் கொட்டிக் கிடக்கும் அமெரிக்க அறிவுரைகளை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. 2007இல் வெளிவந்த 6.5 கிரீட்மூர் போன்றவற்றுக்கு அங்கே வீட்டு மேசையிலேயே மருந்தை அளந்து போட்டு, குண்டை அழுத்தி, தாங்களே தோட்டா தயாரித்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் உரிமமில்லாமல் அப்படிச் செய்வது 1960ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி குற்றம். தவிர, .22 தோட்டாவில் தீமூட்டும் கலவை அடிவிளிம்புக்குள்ளேயே இருப்பதால் சுட்ட கூட்டை மறுபடி நிரப்பவும் வழியில்லை. நம் கையில் இருப்பது தேர்ந்தெடுக்கும் வேலை மட்டுமே. அதையாவது ஒழுங்காகச் செய்யலாம்.

துப்பாக்கியின் திருகுகள் இறுகியிருக்கின்றனவா, ஸ்கோப் ஆடுகிறதா, மணல் பை சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் சோதனைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய காரியங்கள். அவற்றில் நேரத்தைச் செலவிடப்போவதில்லை. தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

பிராண்டைச் சோதித்துவிட்டு லாட்டை மறப்பது

"ஈலி நிறுவனத்தின் டெனெக்ஸ் எனக்கு ஒத்துவரவில்லை" என்று ஒருவர் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த லாட்? லாட் என்றால் ஒரே தடவையில் தயாரான தொகுதி. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் ஈயம், மருந்து, இயந்திர அச்சின் தேய்மானம் எல்லாம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். ஈலி டெனெக்ஸ் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். லாட் எண்ணோடு அந்த லாட்டின் வேகமும் விநாடிக்கு இத்தனை அடி என்று அச்சாகியிருக்கும். பர்மிங்ஹாமில் ஈலியும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாப்புவா நிறுவனமும் சோதனைத் தளங்கள் நடத்துகின்றன. வீரர்கள் தங்கள் துப்பாக்கியையே எடுத்துச் சென்று, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெயரை வைத்து வாங்கினால் போதும் என்றால் அவர்கள் ஏன் விமானம் ஏறுகிறார்கள்?

பழைய மெழுகின் மேல் புதிய தோட்டாவைச் சுடுவது

.22 குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். குழலுக்குள் முந்திய தோட்டாவின் பூச்சு இருக்கும்போது புதியதைச் சுட்டால் முதல் சில குண்டுகள் எங்கேயாவது போகும். பத்துப் பதினைந்து தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, பிறகு சோதனையைத் தொடங்குங்கள். தோட்டா வீணாகிறதே என்று முகம் சுளிப்பவர்கள், அந்தப் பதினைந்தையும் சேர்த்து அளந்து தப்பான முடிவுக்கு வரும்போது எவ்வளவு வீணாகிறது என்று யோசிப்பதில்லை.

ஐந்து துளையில் தீர்ப்பு எழுதுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சல் படுத்துவது இதுதான். காசும் இதில்தான் போகிறது.

பூச்சோங்கிலிருந்து வரும் தம்பி ஒருவர் ஆறு லாட்டுகளில் கொஞ்சம் கொஞ்சம் திரட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டார். ஒரு லாட்டின் குரூப், அதாவது துளைகள் விழுந்த கூட்டம், பொட்டு வைத்தாற்போல் அமைந்தது. உரிமத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் தோட்டா வைத்திருக்க முடியாது அல்லவா? இருந்த இடம் முழுவதையும் அந்த லாட்டுக்கே கொடுத்து ஐந்நூறு வாங்கினார். அடுத்த மாதக் கழகப் போட்டியில் பத்துப் புள்ளிக்குப் பதில் ஒன்பதும் எட்டுமாக விழுந்தது. முதலில் ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டார். பிறகு குழலை. பிறகு மரக்கட்டையைக் கழற்றி, உலோகம் அமரும் இடத்தில் புதிதாகப் பசை வார்க்க ஆளைத் தேடிப் போனார். தோட்டாவை மட்டும் சந்தேகப்படவில்லை, அதுதான் சோதித்தாகிவிட்டதே.

அவருடைய துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லை. ஐந்து துளைக்குள் அதிர்ஷ்டம் எவ்வளவு புகுந்துகொள்ளும் என்பதை அவர் கணக்கிடவில்லை, அவ்வளவுதான். குரூப்பின் அளவு என்பது மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரம். மூன்று மூன்றாகச் சுட்டால் சராசரி 10 மில்லிமீட்டர் குரூப் தரும் துப்பாக்கி, ஐந்து ஐந்தாகச் சுட்டால் சுமார் 13 தரும். பத்துப் பத்தாகச் சுட்டால் சுமார் 16. துப்பாக்கியும் மாறவில்லை, தோட்டாவும் மாறவில்லை. குறைவாகச் சுடும்போது ஓரத்துக்குப் போகும் குண்டு வெளிப்பட வாய்ப்பே கிடைப்பதில்லை. இந்த அழகில், ஒருவருடைய மூன்று குண்டுக் குரூப்பை இன்னொருவருடைய பத்துக் குண்டுக் குரூப்போடு ஒப்பிட்டுச் சண்டை வேறு போடுகிறார்கள்.

இதைவிட மோசமானது, ஆறில் சிறந்ததைப் பொறுக்கி எடுப்பது. ஆறு லாட்டும் துல்லியமாக ஒரே தரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டால், மிகச் சிறிய குரூப் மிகப் பெரியதில் ஏறக்குறைய பாதி அளவுக்கு வருவது சர்வ சாதாரணம். எதுவுமே சிறந்ததாக இல்லாதபோதும் ஒன்று முதலிடம் பிடித்துத்தான் தீரும்.

அந்தத் தம்பியிடம் இதை எண்ணாகச் சொன்னால் ஏறவில்லை. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லையா அண்ணே?" என்று பழமொழியை எடுத்து வீசினார். பானைச் சோறு முழுவதும் ஒரே உலையில் கொதித்தது தம்பி, இங்கே ஒவ்வொரு பருக்கைக்கும் தனித்தனி உலை என்றேன். அதற்கும் மசியவில்லை. ஆகவே அவருடைய ஒரே பெட்டியிலிருந்து முப்பது தோட்டாவை எடுத்து, ஐந்து ஐந்தாகப் பிரித்து, அ முதல் ஊ வரை சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். எல்லாம் வேறு வேறு லாட் என்று நினைத்துக்கொண்டு கவனமாகச் சுட்டார். 'இ' முதலிடம். 'ஊ' கடைசி. 'ஊ' வேகம் குறைந்த லாட் போலிருக்கிறது, துளைகள் கீழே இழுக்கின்றன என்று காரணமும் சொன்னார். பிறகு பெட்டியைக் காட்டினேன். அன்று பகல் சாப்பாட்டுக்கு அவர் எங்களோடு வரவில்லை.

இதோடு ஒட்டியே வரும் இன்னொரு கெட்ட பழக்கம், விலகிய துளையைக் கழிப்பது. ஐந்தில் ஒன்று தள்ளி விழுந்தால் "அது என் விசைத் தவறு, அதை விட்டுவிட்டு அளக்கலாம்" என்கிறார்கள். விசை தட்டிய அதே கணத்தில், திரையைப் பார்ப்பதற்கு முன்பே, "தவறிவிட்டது" என்று வாய்விட்டுச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். திரையைப் பார்த்த பிறகு நினைவுக்கு வரும் தவறு எனக்கு வேண்டாம். அந்த விலகலும் அந்த லாட்டின் குணம்தான். போட்டியில் அதைக் கழித்துக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.

சரி, எத்தனை சுடுவது? முதல் சுற்றில் லாட்டுக்கு இருபது. அதில் தெளிவாகப் பின்தங்கும் லாட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சும் இரண்டையோ மூன்றையோ வேறொரு நாளில் ஒரு முழுப் பெட்டி, அதாவது ஐம்பது ஐம்பதாகச் சுடுங்கள். இரண்டாம் சுற்றின் எண்ணை மட்டுமே நம்புங்கள். முதல் சுற்றில் வென்ற எண்ணில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது, பெரும்பாலும் இரண்டாவதில் கொஞ்சம் பெருக்கும். ஐம்பது சுட்டும் இரண்டு லாட்டுக்கு இடையே பத்து சதவீத வித்தியாசம்தான் தெரிகிறது என்றால், இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு விலை குறைந்ததை வாங்குங்கள்.

இரண்டு துளையை மட்டும் அளப்பது

பத்துச் சுட்டுவிட்டு, மிகத் தொலைவில் இருக்கும் இரண்டு துளைகளுக்கு இடையே அளவுகோலை வைத்தால், மற்ற எட்டுத் தோட்டாவின் சாட்சியம் குப்பைக்குப் போகிறது. மின்னணு இலக்கு ஒவ்வொரு துளைக்கும் கிடையாக எவ்வளவு, செங்குத்தாக எவ்வளவு என்று எண் தருகிறது. அவற்றின் சராசரியை எடுத்தால் குரூப்பின் மையம். மையத்திலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு, அந்தத் தூரங்களின் சராசரியை எடுங்கள். சராசரி ஆரம் என்பது அதுதான். எல்லாத் துளையும் பேசும் அளவு. கணினியில் ஒரு முறை சூத்திரம் எழுதி வைத்தால் பிறகு எண்ணை ஒட்டுவது மட்டுமே வேலை.

சோதனையின் நடுவே குறியைத் திருகுவது

குரூப்பை நடுவுக்குக் கொண்டுவர ஸ்கோப்பைத் திருகக் கை அரிக்கும். திருகாதீர்கள். குரூப் எங்கே விழுகிறது என்பது இன்றைய கேள்வியே இல்லை.

50 மீட்டரைப் பார்த்து 100 மீட்டருக்கு முடிவு கட்டுவது

50 மீட்டரில் 10 மில்லிமீட்டர் என்றால் 100 மீட்டரில் 20 என்று பெருக்கிவிடுகிறார்கள். அகலத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஓடும், உயரத்துக்கு ஓடாது. விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் புறப்படும் குண்டுகளில் இரண்டுக்கு இடையே 10 மீட்டர் வேக வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டரில் அது சுமார் 7 மில்லிமீட்டர் உயர வித்தியாசம். இலக்கின் நடுவே பத்துப் புள்ளி தரும் வளையத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர் என்பதால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். 100 மீட்டரில் அதே வித்தியாசம் சுமார் 3 சென்டிமீட்டர். நான்கு மடங்கு. அதனால் நெடுந்தூரத்துக்கு என்று வாங்கும் தோட்டாவை அந்தத் தூரத்திலேயே சுட்டுப் பார்க்க வேண்டும். தளம் கிடைக்கவில்லை என்றால் வேகமானியையாவது குழலுக்கு முன்னால் வையுங்கள். சராசரி வேகம் எனக்கு வேண்டாம், வேகம் எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லுங்கள்.

வேகமான தோட்டாதான் தூரம் போகும் என்று விநாடிக்கு 380 மீட்டர் ரகத்தை வாங்கி வருகிறவர்களும் உண்டு. நம் ஊரின் 30 பாகை வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 349 மீட்டர். அந்தக் குண்டு 100 மீட்டரை எட்டுமுன்பே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது; இறங்கும்போது தள்ளாடுகிறது. போட்டித் தோட்டாக்களை 320, 330 என்று வைத்திருப்பது சோம்பலால் அல்ல.

பிற்பகல் காற்றில் சோதிப்பது

ஒரு லாட்டைக் காலை ஒன்பது மணிக்கும் அடுத்ததை இடிமழைக்கு முந்திய மூன்று மணிக்கும் சுட்டால் நீங்கள் அளந்தது வானிலையை. பக்கவாட்டில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்பது கன்னத்தில் லேசாகப் படும் காற்று. அதுவே 50 மீட்டரில் குண்டைச் சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளும். ஒரு வளையத்தின் அகலம் 8. மரங்கள் அசையாத காலை நேரத்தில் முடித்துவிடுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு லாட் என்றால் பத்து இது, பத்து அது என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். உங்கள் களைப்பும் குழலின் சூடும் இரண்டுக்கும் சமமாகப் பங்கு பிரியும். நிறுவனமே வேறு என்றால் மெழுகுத் தகராறு குறுக்கே வரும், மாற்றி மாற்றிச் சுட முடியாது. அப்போது வேறு வேறு நாளில், அதே நேரத்தில் சுடுங்கள். ஒவ்வொரு நாளும் பழைய தோட்டாவில் பத்துச் சுட்டு, அன்றைய நாள் எப்படி என்று முதலில் பாருங்கள்.

தோட்டாவைக் காரில் வேகவைப்பது

கவனிப்பாரில்லாமல் காரில் விடுவதே தவறு. வெயிலில் மெழுகு இளகும், வேகம் மாறும். அதற்குமேல் இதில் பேச எதுவும் இல்லை.

எடை போட்டுப் பிரிப்பது

இரவெல்லாம் நகைக்கடைத் தராசில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். குண்டு, கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த எடையில் எது கூடியது, எது குறைந்தது என்று அந்தத் தராசு சொல்லாது. தூங்குங்கள்.

லாட் எண்ணை எழுதி வைக்காதது

பெட்டியைக் கிழித்துப் போட்ட பிறகு "அண்ணே, அதே தோட்டா எங்கே கிடைக்கும்?" என்று என்னிடம் வரவேண்டாம்.