18 வயதுக்கு முன்னால் கவுன்சிலில் கேட்க வேண்டியவை

இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயதானால், சமூகப் பராமரிப்பு சிறுவர் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாறும். அது தானாக நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் வரும் ஈ.எச்.சி. திட்ட (பிள்ளையின் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் தேவைகளை எழுதிய திட்டம்) மீளாய்விலேயே பேச்சைத் தொடங்குங்கள்.

அப்புறம், 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்ற மதிப்பீடு வேண்டும் என்று உங்கள் பகுதி கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். 18 வந்தும் மதிப்பீடு முடியவில்லையா? முடிவு வரும்வரை பழைய உதவியை நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

மதிப்பீட்டு நாள்தான் முக்கியம். நம்மவர்கள் வெளியாட்கள் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டோம். “தானே குளிப்பாள்” என்று சொல்லிவிடுவோம். என் மகள் குளிப்பாள்தான். ஆனால் தண்ணீரின் சூட்டை நான் பார்த்து, ஷாம்பூவை அவள் கையில் ஊற்றி, “இப்ப தலை, இப்ப முதுகு” என்று கதவருகே நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதை அப்படியே சொல்லுங்கள். எத்தனை மணிநேர உதவி கிடைக்கும் என்பது அதில்தான் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அக்கா மகனை இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

16 வயதிலிருந்து, ஒருவர் தானே முடிவெடுக்கும் திறன் பற்றிய 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டமும் பொருந்தும். எல்லா முடிவுக்கும் பெற்றோர் கையெழுத்து போதாது. பிள்ளையிடமும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

பராமரிப்புக்குக் கட்டணம்? பெரியவர் பிரிவில் பிள்ளையின் பணத்தை மட்டும் கணக்கிடுவார்கள், உங்கள் சம்பளத்தை அல்ல. பராமரிப்பவர் என்ற முறையில் உங்களுக்கும் தனி மதிப்பீடு உண்டு. அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.