எந்தத் தனிமம் எதனோடு சேரும்? நீங்களே கணித்துப் பார்க்கும் முறை

"சோடியத்துக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசை, குளோரினுக்கு வாங்க ஆசை, அதனால் இரண்டும் சேர்கின்றன." பள்ளியில் நாம் பெரும்பாலும் இப்படித்தான் படித்திருப்போம். நினைவில் நிறுத்த வசதியான விளக்கம்தான். ஆனால் இதை மட்டும் நம்பினால், எலக்ட்ரான் எதுவும் தேவைப்படாத, எளிதில் வினைபுரியாத 'மந்த வாயு'வான செனான் ஏன் ஃபுளூரினோடு சேர்கிறது என்ற கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம். சேர்ந்த பிறகு மொத்த ஆற்றல் குறைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். தனிம வரிசை அட்டவணையும் எலக்ட்ரான் கவர்திறன் பட்டியலும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 1: வெளிக்கூட்டை எண்ணுங்கள்

1, 2, மற்றும் 13 முதல் 18 வரையான தொகுதிகளில் (அட்டவணையின் செங்குத்து வரிசைகளில்), தொகுதி எண்ணின் கடைசி இலக்கமே வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின், அதாவது அணுவின் வெளி அடுக்கில் உள்ளவற்றின், எண்ணிக்கை. சோடியம் 1ஆம் தொகுதி, ஆகவே ஒன்று. குளோரின் 17, ஆகவே ஏழு. ஹீலியம் மட்டும் விதிவிலக்கு: 18ஆம் தொகுதியில் இருந்தாலும் அதற்கு இரண்டுதான்.

உள்கூட்டில் இருப்பவை எளிதில் வராது. சோடியத்தின் முதல் எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு (அணுக்களை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) 496 கிலோஜூல் போதும். இரண்டாவதைப் பிரிக்க 4562 வேண்டும். ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

படி 2: கவர்திறன் வித்தியாசத்தைப் பாருங்கள்

பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வலிமைக்கு வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932இல் ஓர் அளவுகோல் கொடுத்தார். ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93.

சோடியம், குளோரின் வித்தியாசம் 2.23. இவ்வளவு பெரிதாக இருந்தால் அயனிப் பிணைப்பு: எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி, இரண்டும் மின்சுமை பெற்ற அயனிகளாகி ஒன்றையொன்று இழுக்கும். கார்பன், ஹைட்ரஜன் வித்தியாசம் வெறும் 0.35, எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பு. இரண்டுமே உலோகம் என்றால் இந்தக் கணக்கை விட்டுவிடுங்கள், அங்கே உலோகப் பிணைப்பு தனிக்கதை.

எல்லைக்கோடு 1.7 என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் ஃபுளூரைடில் வித்தியாசம் 1.78, இருந்தும் அது தனித்தனி மூலக்கூறுகளாகத்தான் இருக்கிறது, சுமார் 20 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

படி 3: ஆற்றலின் வரவு செலவைப் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சோடியத்திடமிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கச் செலவு 496. அதைக் குளோரின் வாங்கும்போது வரவு 349. கழித்துப் பார்த்தால் 147 கிலோஜூல் நஷ்டம்! அதாவது, வெறும் கொடுக்கல் வாங்கலோடு நின்றிருந்தால் உப்பே உருவாகியிருக்காது.

நஷ்டத்தை ஈடுகட்டுவது அடுத்து நடப்பது. எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது சுமார் 787 கிலோஜூல் வெளியாகிறது. 147 போக, கையில் நிற்பது 640. அதனால்தான் உப்பு இவ்வளவு உறுதியாக இருக்கிறது.

சகப்பிணைப்பிலும் இதே கணக்குதான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேரும்போது 436 கிலோஜூல் வெளியாகிறது, ஏனென்றால் இரு எலக்ட்ரான்களும் ஆற்றல் குறைந்த பிணைப்பு நிலையில் போய் உட்காருகின்றன. இரண்டு ஹீலியம் அணுக்களை அருகில் கொண்டுவந்தால் மொத்தம் நான்கு எலக்ட்ரான்கள். பிணைப்பு நிலையில் இரண்டுக்குத்தான் இடம். மற்ற இரண்டும் ஆற்றல் கூடிய எதிர்ப்பிணைப்பு நிலைக்குப் போக வேண்டியதுதான். கிடைத்த லாபம் அத்தனையும் அங்கே போய்விடும். ஹீலியம் தனியாகவே சுற்றுவதன் காரணம் இதுதான்.

படி 4: 'மந்த வாயு' என்றதும் முடிவு கட்டாதீர்கள்

1962இல் வேதியியலாளர் நீல் பார்ட்லெட் ஒன்றைக் கவனித்தார். பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுகிறது. ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல்) செனானுடையதும் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் சுமார் 1170 கிலோஜூல். அப்படியானால் செனானும் மசிய வேண்டுமே? நிறமற்ற செனானையும் அடர்சிவப்பான அந்த வாயுவையும் கலந்தார். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் திடப்பொருள் கிடைத்தது. அதே ஆண்டில் செனான் ஃபுளூரைடுகளும் தயாராகிவிட்டன.

செனானின் வெளி எலக்ட்ரான்கள் கருவிலிருந்து தள்ளி இருக்கின்றன. நியானுடையவை மிக நெருக்கமாக இருப்பதால் ஃபுளூரினாலும் அசைக்க முடிவதில்லை.

படி 5: 'சேராது' வேறு, 'இன்னும் சேரவில்லை' வேறு

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு அறை வெப்பநிலையில் சும்மாவே இருக்கும். கணக்குப்படி பெரிய லாபம் காத்திருக்கிறது, ஆனால் பழைய பிணைப்புகளைத் தளர்த்த முதலில் கொஞ்சம் ஆற்றல் வேண்டும். ஒரு தீப்பொறி பட்டால் வெடித்து நீராகிவிடும். நைட்ரஜனின் மந்தத்தனமும் இப்படித்தான்: அதன் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல் தேவை. லித்தியம் மட்டும் அறை வெப்பநிலையிலேயே மெதுவாக அதனோடு வினைபுரிந்து நைட்ரைடு ஆகிறது.

சரி, இப்போது நீங்கள் முயலுங்கள். அலுமினியம் 1.61, குளோரின் 3.16. என்ன பிணைப்பு என்று முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இதையும் சேர்த்து யோசியுங்கள்: சோடியம் குளோரைடு உருக 801 டிகிரி வேண்டும், அலுமினியம் குளோரைடோ சுமார் 180 டிகிரியிலேயே ஆவியாகிவிடும்.