வீட்டுத் திட்டம் வருகிறது: ஊர்க் கருத்தைக் கோப்பில் ஏற்றுவது எப்படி?

சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்காகத் தகர வேலி போடப்பட்டதும், அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது?” என்பதுதான். அனல்மின் நிலையங்களுக்கும் துறைமுக விரிவாக்கங்களுக்கும் மாவட்ட நிர்வாகம் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்துவதைச் செய்திகளில் பார்த்தவர்கள் வீட்டுத் திட்டத்துக்கும் அதையே எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அப்படி ஒரு கூட்டம் நடக்கப்போவதில்லை. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்று சொல்கிறது. அதே அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் திட்டங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கும் அளித்துவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேறவிருக்கும் ஒரு திட்டத்தைப் பற்றிப் பக்கத்துத் தெருவைக் கேட்கத் தேவையில்லை என்பது என் பார்வையில் அந்த அறிவிக்கையின் மிகப் பெரிய ஓட்டை. ஓட்டையை அடைப்பது வேறு போராட்டம். அதுவரை, சட்டம் திறந்து வைத்திருக்கும் மற்ற வாசல்கள் எவை, அவற்றில் எப்போது, எந்தத் தாளோடு நிற்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே பயன் தரும்.

முதலில் நிலத்தைப் படியுங்கள்

கருத்து எழுதுவதற்கு முன் புல எண் (சர்வே எண்) தேவை. திட்டத்தின் பெயரும் கட்டுமான நிறுவனத்தின் பெயரும் விளம்பரப் பலகையில் இருக்கும். புல எண் பெரும்பாலும் இருக்காது. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடினால், பதிவு ஆகியிருக்கும் நிலையில், புல எண்களும் அனுமதிக்கப்பட்ட வரைபடமும் கிடைக்கும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டி விற்கும் திட்டம் எதுவும் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்பதால், விளம்பரம் வந்துவிட்டது என்றாலே பதிவும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதுவே உங்கள் முதல் புகார்.

புல எண் கையில் கிடைத்ததும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் ‘அ’ பதிவேட்டையும் நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த புலப்படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அ’ பதிவேடு, நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா, ஓடையா, வாய்க்காலா, வண்டிப்பாதையா என்பதைச் சொல்லும். திட்டத்துக்குரிய புல எண்களோடு நிறுத்திக்கொள்ளாமல், சுற்றிலும் தொட்டுக்கொண்டிருக்கும் எண்களையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். ஏனென்றால் தகராறு பெரும்பாலும் பட்டா நிலத்தின் நடுவில் இருப்பதில்லை, இரண்டு பட்டாக்களுக்கு நடுவே ஒல்லியாக ஓடும் வாய்க்கால் புறம்போக்கில்தான் இருக்கிறது. புலப்படங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்துப் பார்த்தால், மேலே உள்ள ஏரியின் கலங்கலிலிருந்து (ஏரி நிரம்பினால் நீர் வழிந்து வெளியேறும் இடம்) கீழே உள்ள ஏரிக்கு உபரிநீர் எந்த வழியாகப் போனது என்பது தெரியவரும். அதன்பின் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைத் திறந்து, அந்த வாய்க்கால் எந்த ஆண்டுவரை கண்ணுக்குத் தெரிந்தது, எப்போது மண் கொட்டப்பட்டது என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள். 2015 டிசம்பரிலும் அதற்குப் பிந்தைய மழைகளிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதற்கு வீட்டுச் சுவரில் உள்ள கறையை அளந்து எடுத்த புகைப்படம்கூடச் சான்றுதான். பழைய கைபேசிகளில் கிடக்கும் காணொளிகளைத் தேதி அழியாமல் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

நில வகைப்பாடு மாற்றம்: பலர் தவறவிடும் வாசல்

என் கருத்தில் எல்லா வாசல்களிலும் அகலமானது இதுதான். மிகக் குறைவானவர்கள் நுழைவதும் இதில்தான். சென்னைப் பெருநகரப் பகுதிக்கான இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அது ஒவ்வொரு புல எண்ணையும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, விவசாயம், நகர்மயமாகாத பகுதி, திறந்தவெளி என்று ஏதோ ஒரு வகையில் சேர்த்திருக்கிறது. விவசாய வகையில் உள்ள நிலத்தில் அடுக்குமாடி வர வேண்டுமானால், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன்படி முதலில் அந்த வகைப்பாட்டை மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்துக்கு முன் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணைகளைக் கேட்கிறார்கள். சட்டப்படி “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்கப்படும் அபூர்வமான தருணம் அது, ஆனால் அந்த அறிவிப்பு பொடி எழுத்தில், கிராமத்தின் பெயரும் புல எண்ணும் மட்டும் தாங்கி, திட்டத்தின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இல்லாமல் வரும்.

ஆகவே குடியிருப்போர் நலச் சங்கத்தில் இரண்டு பேர் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இணையதளத்தையும் நாளிதழ் அறிவிப்புகளையும் வாரந்தோறும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பெருநகர எல்லைக்கு வெளியே என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அறிவிப்புகளைப் பார்க்க வேண்டும். அறிவிப்பில் குறிப்பிட்ட கடைசி நாளுக்குள் ஆட்சேபணை போய்ச் சேர்ந்தாக வேண்டும். நேரில் கொடுப்பதானால் தபால் பிரிவில் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். முழுமைத் திட்டமே புதிதாகத் தயாராகும் காலம் இதைவிட முக்கியமானது: 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தில் உங்கள் பகுதியின் ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் ஆகியவை சரியான நிறத்தில் குறிக்கப்பட்டால், பின்னாளில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக ஓட வேண்டியிருக்காது.

சுற்றுச்சூழல் அனுமதிக் கட்டம்

சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் ஏற்றப்படுகின்றன. பெரும்பாலான வீட்டுத் திட்டங்களை மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்க, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கிறது. கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலும் குறிப்புகளும் பொதுவெளியில் உள்ளன. நிகழ்ச்சி நிரலில் உங்கள் பகுதித் திட்டத்தைப் பார்த்ததும், அந்த நிபுணர் குழுவின் உறுப்பினர் செயலருக்குக் கடிதமும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். அதற்குப் பதில் எழுதும் கடமை அந்தக் குழுவுக்கு இல்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு கேள்வியை ஓர் உறுப்பினர் விண்ணப்பதாரரிடம் கேட்டுவிட்டால் அது கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். கேட்காமல் அனுமதி கொடுத்தால், சொல்லப்பட்ட விவரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதற்கு அந்தக் கடிதமே பின்னாளில் சான்றாகும்.

என்ன எழுதுவது? “இத்திட்டத்தால் சுற்றுச்சூழல் பாதிக்கப்படும், எனவே அனுமதி வழங்க வேண்டாம்” என்ற வாக்கியத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினாலும் அதில் ஆராய எதுவும் இல்லை. “புல எண் 214/3-இன் கிழக்கு எல்லையில் புலப்படத்தில் வாய்க்கால் காட்டப்பட்டுள்ளது, விண்ணப்பத்துடன் இணைத்த மனை வரைபடத்தில் அது இல்லை, அந்த இடத்தில் வாகன நிறுத்தம் காட்டப்பட்டுள்ளது” என்று (எண் எடுத்துக்காட்டுக்காகத்தான்) ஒருவர் எழுதினால்கூட அதைத் தாண்டிப் போவது கடினம்.

தண்ணீர்க் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வழக்கமாகத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு 5 பேர் வீதம் 1,000 வீடுகள் என்றால் நாளொன்றுக்கு 6,75,000 லிட்டர். கழிப்பறைக்குத் தலைக்கு 45 லிட்டர் சுத்திகரித்த நீரைப் பயன்படுத்துவதாக நிறுவனம் சொல்வதை அப்படியே ஏற்றாலும், மீதி 4,50,000 லிட்டர் நல்ல தண்ணீர் தேவை. 12,000 லிட்டர் லாரியில் தினமும் ஏறக்குறைய 38 நடை. குடிநீர் வாரியம் அந்தப் பகுதிக்குக் குழாய் போட்டுவிட்டதா, போடாவிட்டால் லாரிகள் எந்த ஊர்க் கிணற்றில் நிரப்பும் என்பதே அடுத்த கேள்வி. கழிவுநீரிலும் இதே போன்ற ஓர் இடைவெளி இருக்கும்: சுத்திகரித்த நீரில் மிஞ்சுவதைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதாக விண்ணப்பம் சொல்லும், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படாதபோது அந்த நீர் எங்கே போகும் என்று கேளுங்கள், பெரும்பாலும் உங்கள் தெரு மழைநீர் வடிகால்தான் பதிலாக இருக்கும்.

இன்னொன்று, மனையை உயர்த்துவது. தாழ்வான இடத்தில் திட்டம் வந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் மனையை இவ்வளவு உயரத்துக்கு மண்ணிட்டு நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அது புதிய கட்டடத்தைக் காப்பாற்றும் நிபந்தனை. அங்கே நின்றிருந்த தண்ணீர் பக்கத்தில் உள்ள தாழ்ந்த தெருவுக்கு வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தச் சான்றின் நகலைக் கேட்டு, உங்கள் தெருவின் மட்டத்தையும் நிரப்பப்படும் மட்டத்தையும் ஒப்பிட்டு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய்; பதிலுக்கு 30 நாள் ஆகலாம் என்பதால், ஆட்சேபணை அறிவிப்பு வரும்வரை காத்திராமல் வேலி போட்ட வாரமே மனுவை அனுப்பிவிடுவது நல்லது. நகல் கேட்பதோடு கோப்பை நேரில் பார்வையிடவும் கேளுங்கள். நகலில் வராத அலுவலகக் குறிப்புகள் கோப்பில்தான் இருக்கும்.

பள்ளிக்கரணை போன்ற இடங்களில்

சதுப்பு நிலத்துக்கு அருகில் என்றால் கூடுதலாகச் சில சட்டங்கள் துணைக்கு வரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வரும் உபரிநீர் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து கடலுக்குப் போகிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளின்கீழ், அந்த விதிகள் வருவதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பதிவான சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது. ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை, சதுப்பு நிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்புறமான தாக்கப் பகுதியை வரையறுத்து முடிக்கும்வரை புதிய அனுமதி வழங்க வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. இத்தகைய இடத்தில் உங்கள் கடிதத்தின் முதல் வரியே எல்லையிலிருந்து மனை எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதாக இருக்கட்டும்.

“ஊர்” என்பது யார்?

கருத்தைத் திரட்டும்போது ஒரு நேர்மை தேவை. ஆட்சேபணைகளில் பாதி, “எங்கள் காட்சி மறைகிறது, எங்கள் சாலையில் வண்டி கூடுகிறது” என்பதாக இருந்துவிட்டால், மீதிப் பாதியும் அதே கண்ணோடுதான் படிக்கப்படும். நேற்று வந்து குடியேறியவர்கள் நாளை வருகிறவர்களைத் தடுக்கிறார்கள் என்ற பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. மேலும், நதிக்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை அரசு கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், அதாவது சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்நிலங்களில்தான் குடியமர்த்தியது. வெள்ளம் வந்தால் தரைத்தளத்தில் நிற்பவர்கள் அவர்கள். அவர்களை அழைக்காமல் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் முடிவெடுத்த மனுவை ஊர்க் கருத்து என்று சொல்ல முடியாது. வேலை முடிந்து மக்கள் திரும்பிய பின், ஞாயிறு மாலையில், அவர்கள் பகுதியிலேயே கூட்டம் வையுங்கள். ஆட்சேபணையோடு மாற்று யோசனையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வாய்க்காலை முழு அகலத்துக்கு விட்டுவிடுதல், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் ஒப்படைக்க வேண்டிய 10 விழுக்காடு திறந்தவெளியை மூலையில் ஒதுக்காமல் வாய்க்காலை ஒட்டி ஒதுக்குதல் போன்றவை அதிகாரி எழுதி ஏற்கக்கூடிய கோரிக்கைகள்.

ஊராட்சிப் பகுதி என்றால் கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் அந்தச் சபையில் புல எண்ணோடு தீர்மானம் பதிவாகிறதா என்று பதிவேட்டைப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அத்தீர்மானம் திட்டத்தை நிறுத்திவிடாது, ஆனால் தனியார் கடிதத்துக்கு இல்லாத கனம் அதற்கு உண்டு.

அனுமதி கிடைத்துவிட்ட பிறகு

இங்கே நாட்கணக்குதான் எல்லாம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்வரை தாமதத்தை மன்னிக்கலாம், அதற்கு மேல் வழியில்லை. அனுமதி பெற்ற செய்தியை நிறுவனம் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்த விளம்பரத்தை வெட்டித் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியே இல்லாமல் வேலை நடந்தாலோ வாய்க்கால் மூடப்பட்டாலோ, அதற்கான தனி மனுவைப் பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். சேப்பாக்கத்தில் உள்ள அமர்வில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடவும் முடியும், என்றாலும் ஆவணங்களை வரிசைப்படுத்தவாவது ஒருவரின் உதவியைப் பெறுவது நல்லது.

வழக்குக்குப் போகாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, மழைநீர்க் கிணறுகளின் எண்ணிக்கையையும் வாய்க்காலின் அகலத்தையும் களத்தில் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று வழங்கப்படுவதற்கு முன்பே படங்களோடு எழுதிவிடுங்கள். சான்று கிடைத்து, மின் இணைப்பும் வந்து, குடும்பங்கள் குடியேறிவிட்டால், அதன் பிறகு எழுதப்படும் மனு நிறுவனத்துக்கு எதிரானதாக இல்லாமல் அங்கே கடன் வாங்கி வீடு வாங்கியவர்களுக்கு எதிரானதாகவே படிக்கப்படும்.