சிங்கப்பூர் போயிருக்கும் கொங்குப் பிள்ளைகளுக்கு: அங்கே தேர்தல் நடக்கும் விதம்

திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போய் இறங்கிய பிள்ளைகள், பெருந்துறைக்கே ஊர் திரும்பிவிட்ட என்னைக் கூப்பிட்டுக் கேட்பது இதுதான்: “ஏனுங்ணா, 1959லிருந்து ஒரே கட்சிதான் ஆளுதாமா. அப்புறம் எதுக்குங்க ஓட்டு?”

ஓட்டு நிஜமான ஓட்டுதான். 21 வயது நிரம்பிய குடிமக்கள் கட்டாயம் போட வேண்டும். போடாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். தகுந்த காரணம் இல்லையென்றால் மறுபடி சேர 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். வாக்குச்சீட்டில் எண் இருக்கிறதே, யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடுமோ என்ற பேச்சு காதில் விழும். அந்தப் பயம் வேண்டாம். எண்ணி முடித்த சீட்டுகளுக்கு முத்திரை வைத்து உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டி வைத்திருந்து, பிறகு அழித்துவிடுகிறார்கள்.

2025 மே 3 தேர்தலில் ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சிக்கு 65.57 சதவீத ஓட்டு, 97ல் 87 இடம். மீதி 10 இடம் அங்குள்ள எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு. ஓட்டுக்கும் இடத்துக்கும் இவ்வளவு தூரம் வருவதற்குக் குழுத்தொகுதி ஒரு முக்கியக் காரணம். 1988ல் வந்த ஏற்பாடு. நான்கைந்து பேர் அணியாக நிற்பார்கள். ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். ஜெயித்தால் அத்தனை பேரும் உள்ளே, தோற்றால் அத்தனை பேரும் வெளியே. சிறுபான்மையினருக்கு நாடாளுமன்றத்தில் இடம் உறுதியாகிறது, அது நல்ல விஷயம். ஆனால் சின்னக் கட்சி அத்தனை ஆட்களையும், தலைக்கு 13,500 வெள்ளி டெபாசிட்டையும் தேட வேண்டும். நம்ம மொடக்குறிச்சியில் 1996ல் 1,033 பேர் வேட்பாளராக நின்று வாக்குச்சீட்டையே புத்தகமாக்கினார்களே, அதெல்லாம் அங்கே நடக்காது. எதிர்க்கட்சி முதல் குழுத்தொகுதியை, அல்ஜுனிட்டை, ஜெயிக்கவே 2011 வரை ஆனது.

தொகுதி எல்லை மாற்றமும் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வெளியாகிறது. பிரசாரத்துக்கு 2025ல் கிடைத்தது ஒன்பதே நாள். ஓட்டு எண்ணுவதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மடை ஆளுங்கட்சி கையில் இருக்கிறது, தண்ணீர் அந்தப் பக்கம் முதலில் பாய்கிறது. அதற்காக மக்கள் மனசில்லாமல் போடுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வீடு, வேலை, தண்ணீர் என்று அந்தக் கட்சி செய்து காட்டியது நிறைய. அடுக்குமாடி வளாகத்தின் லிஃப்ட், துப்புரவுகூட அந்தத் தொகுதி உறுப்பினர் நடத்தும் நகர மன்றத்தின் பொறுப்புதான்.

இனி உங்கள் சங்கதி. வேலை அனுமதியில் இருப்பவருக்கு மட்டுமல்ல, நிரந்தரவாசிக்கும் ஓட்டு கிடையாது. குடிமகனல்லாதவர் பிரசாரத்தில் இறங்கவே கூடாது. ஊரில் செய்கிற மாதிரி நோட்டீஸ் கொடுப்பது, கொடி பிடிப்பது, ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டு ஃபேஸ்புக்கில் எழுதுவது, எதுவும் வேண்டாம் கண்ணுகளா. 2025ல் வெளிநாட்டினர் சிலர் போட்ட பதிவுகளையே முடக்கச் சொல்லி மெட்டாவுக்கு உத்தரவு போனது.

உங்கள் ஓட்டு இந்தியாவில் இருக்கிறது. படிவம் 6ஏ நிரப்பினால் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரித் தொகுதியில் பெயர் சேரும். ஆனால் நேரில் வந்துதான் போட முடியும், அசல் பாஸ்போர்ட்டோடு. தேர்தல் தேதி அறிவித்த உடனே மேலாளரிடம் லீவு கேட்டுவிட்டு, கோயம்புத்தூருக்கு டிக்கெட் பாருங்கள்.