ரேபிட் கிட் ரீடர் வாங்கும் முன்

மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களில் சிறிய லேப் நடத்துவோர் பலர் ரேபிட் கிட்டின் (சில நிமிடங்களில் முடிவு காட்டும் சோதனைப் பட்டை) கோட்டைக் கண்ணால் பார்த்தே முடிவு எழுதுகிறார்கள். அந்தக் கோட்டை அளந்து எண்ணாகக் காட்டும் ரீடர் வாங்க நினைப்பவர், கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் அதில் போடும் கேசட்டின் (பட்டையைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு) விலையைக் கேட்பது நல்லது.

கிட்டில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நுண்துகள்களின் நிறமாகும். அவை பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால், ரீடர் பச்சை எல்இடி ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியை அளந்து, ‘டி’ கோட்டில் (சோதனைக் கோடு) எவ்வளவு குறைகிறது என்பதை எண்ணாக்குகிறது. யூரோப்பியம் போன்ற ஒளிரும் துகள்களைப் படிக்கும் கருவிகளுக்குப் புற ஊதா ஒளியும் வடிகட்டியும் தேவை என்பதால் விலை கூடும்.

எல்இடியும் ஒளி உணரியும் மலிவானவை. நாம் பணம் கொடுப்பது அளவுத்திருத்தத்துக்குத்தான், அதாவது கோட்டின் அடர்த்தியைச் சரியான எண்ணாக மாற்றும் கணக்குக்குத்தான். ஒவ்வொரு லாட்டுக்குமான (தயாரிப்புத் தொகுதி) அந்தக் கணக்கு கியூஆர் குறியீட்டிலோ சிப்பிலோ வருவதால், அந்த நிறுவனத்தின் கேசட்டைத் தவிர வேறு எதையும் கருவி ஏற்காமல் போகலாம். ஒரு கணக்குக்கு, 60,000 ரூபாய்க் கருவியை 5 ஆண்டுகள், ஆண்டுக்கு 1,200 சோதனை என்று ஓட்டினால் சோதனைக்கு 10 ரூபாய்தான் விழும். கேசட்டில் 50 ரூபாய் ஏறினால் அதே காலத்தில் 3 லட்சம் கூடுதலாகிவிடும்.

விற்பனையாளர் செய்து காட்டும்போது, மங்கலான கோடுள்ள ஒரே கேசட்டை உடனுக்குடன் பலமுறை படிக்கச் சொல்லுங்கள். எண் தாவினால் வாங்க வேண்டாம். செல்போன் கேமராவை நம்பும் ரீடராக இருந்தால், ஜன்னலருகிலும் டியூப்லைட்டின் கீழும் வைத்துப் பாருங்கள். கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்வது கோட்டின் அடர்த்தியையும் மாற்றிவிடும்.

பல கிட்டுகளுக்கு 30 டிகிரிதான் மேல்வரம்பு. மதுரையின் மே மாதம் அதற்கு ஒத்துவராது என்பதால் ஏசி அறையின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த பையை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். இல்லையேல் ஈரம் படிந்து பட்டை கெடும். உறையில் 15 நிமிடம் என்றிருந்தால் 15-ஆம் நிமிடத்திலேயே படியுங்கள்.

டெங்கு வைரஸின் புரதமான என்எஸ்1 ரத்தத்தில் காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகக் கிடைக்கும்; ஏழாம் நாளில் வருபவருக்கு ரீடர் காட்டும் ‘நெகட்டிவ்’ டெங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது, ஐஜிஎம் (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) சோதனையும் வேண்டும். சோதனை சரியாக ஓடியதைக் காட்டும் ‘சி’ கோடு வராத கேசட்டில் கருவி என்ன எண் காட்டினாலும், லாட் எண்ணைப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் புதிய கேசட்டில் மறுபடி செய்யுங்கள்.