மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ரோல் பார் பொருத்தும் முறை

1989இல் அறிமுகமாகி 1997 வரை தயாரிக்கப்பட்ட முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரையைத் திறந்து ஓட்டுவதற்கென்றே உருவான இரண்டு இருக்கைக் கார். அது கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலைக்கும் தரைக்கும் நடுவே விண்ட்ஸ்கிரீன் சட்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தச் சட்டமும் காரின் எடையைத் தாங்கும் என்று நம்ப முடியாது. வார இறுதியில் பந்தய டிராக்கிலும் மற்ற நாட்களில் சாலையிலும் இக்காரை ஓட்டுபவர்கள் ரோல் பாரை, அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் எஃகுக் குழாய் வளைவை, நாடுவது இதனால்தான். வேலையைத் தொடங்கும் முன், போடப்போவது பாரா, காரின் உள்ளே முன்னும் பின்னும் சுற்றி நிற்கும் குழாய்க்கூண்டான கேஜா என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் காருக்கு முழுக் கேஜ் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கேஜின் முன்பகுதிக் குழாய்கள் கதவுக்கு மேலாகவும் விண்ட்ஸ்கிரீன் ஓரமாகவும் தலைக்கு மிக அருகில் செல்கின்றன. டிராக்கில் ஹெல்மெட்டும் ஹார்னஸும் (தோள்களையும் இடுப்பையும் பல பட்டைகளால் இருக்கையோடு கட்டும் பந்தய பெல்ட்) தலையைக் காப்பதால் அக்குழாய்கள் உயிர் காக்கின்றன. சாலையிலோ, பக்கவாட்டில் இன்னொரு கார் மோதும் நடுத்தர விபத்தில்கூட வெறுந்தலை அதே இரும்பில் இடிக்கக்கூடும். போர்ஷே நிறுவனமும் 911 ஜிடி3 காரின் கிளப்ஸ்போர்ட் பேக்கேஜில், முன்னிருக்கைகளுக்குப் பின்னால் மட்டும் நிற்கின்ற, போல்ட் போட்டு இறுக்கும் பாதிக் கேஜையே பொருத்தித் தருகிறது. எம்எக்ஸ்-5க்கும் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் ரோல் பாரே ஏற்றது.

வாங்கும்போது ‘ஸ்டைல் பார்’ என்று விற்கப்படும் பளபளப்பான வளைவுகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவை அழகுக்காகச் செய்யப்பட்டவை, கவிழும் காரின் எடையைத் தாங்குவதற்கல்ல. ஒப்பிட்டுப் பார்க்க, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகள் நல்ல அளவுகோல்: மெயின் ஹூப்புக்கு, அதாவது இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு, 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் கொண்ட, தையலில்லாத, குளிர்நிலையில் இழுக்கப்பட்ட கார்பன் எஃகுக் குழாய். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. வளைவில் சுருக்கமோ நசுங்கலோ தெரிந்தால் அந்தப் பாரை வாங்க வேண்டாம். பின்பக்கம் சாய்ந்து செல்லும் இரண்டு தாங்கு குழாய்களும் நேராக இருக்க வேண்டும். ஹூப்பின் நடுவே குறுக்குக் குழாய் ஒன்று சாய்வாக ஓடினால், கார் பக்கவாட்டில் உருளும்போது ஹூப் சரிந்துவிடாது.

இனி உயரம். துணிக்கூரைக்கு அடியில் அடங்க வேண்டியிருப்பதால் எம்எக்ஸ்-5இன் பார்கள் உயரமானவையல்ல. ஹெல்மெட் அணிந்து, வழக்கமாக ஓட்டும் நிலையில் பெல்ட் போட்டு உட்காருங்கள். நண்பர் ஒருவரை நீண்ட துடைப்பக் கட்டையை ஹூப்பின் உச்சியிலிருந்து விண்ட்ஸ்கிரீன் சட்டத்தின் மேல்விளிம்புவரை வைக்கச் சொல்லுங்கள். கட்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். உயரமானவர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் இருக்கைக்குள் இருக்கும் பஞ்சைச் சிறிது வெட்டியெடுத்தோ, தாழ்வான இருக்கையைப் பொருத்தியோ இடம் பெறுகிறார்கள். இந்தச் சோதனையில் தேறாத பாரை ‘இருப்பதுவரை லாபம்’ என்று போட்டுக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் தலை பாரைவிட உயர்ந்து நின்றால் முதலில் தரையில் மோதுவது தலைதான்.

பொருத்தும் நாளில், டிக்கியின் வலப்பக்கத்திலுள்ள பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றுங்கள். இருக்கைகளை எடுத்துவிட்டு, பின்தட்டின் கார்பெட்டையும் சீட் பெல்ட் கோபுரங்களின் (இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் பெல்ட் பொருத்தப்பட்டிருக்கும் தூண்களின்) பிளாஸ்டிக் மூடிகளையும் அகற்றினால் வெற்றுத் தகடு தெரியும். அத்தகட்டுக்குக் கீழேதான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதை ஒரு கணமும் மறக்கக்கூடாது. பாரைத் துளையிடாமலே முதலில் உட்கார வைத்து, துணிக்கூரையை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கும் உரசவில்லை என்று உறுதியான பிறகே துளைகளின் இடத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு குறிக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்தும் கைவிட்டும் பாருங்கள். பெட்ரோல் டேங்கோ குழாயோ அருகில் இருந்தால், டேங்கை இறக்கிவிட்டுச் செய்வதே முறை. மற்ற இடங்களிலும் ட்ரில் பிட்டில் ஆழத் தடுப்பு வளையம் மாட்டிக்கொள்ளுங்கள்.

பெல்ட் கோபுரங்களுக்குப் பின்னால், கூரையிலிருந்து வடியும் மழைநீர் போக இருபுறமும் வடிகால் துளை உண்டு. நான் முதன்முதலில் நண்பர் ஒருவரின் காரில் இவ்வேலையைச் செய்தபோது அவற்றை மூட மறந்தேன். ட்ரில் சீவிய மெல்லிய இரும்புச் சுருள்கள் வடிகாலுக்குள் விழுந்து ஈரத்தில் ஊறின. அடுத்த குளிர்காலத்துக்குள் வாசலடிப் பகுதியில் துரு கிளம்பிவிட்டது. இப்போதெல்லாம் துளையிடும் முன்பே வடிகாலில் துணியை அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, ஒவ்வொரு துளைக்குப் பின்னும் காந்தத்தால் துகள்களைப் பொறுக்கியெடுக்கிறேன்.

8 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் சிறு துளை, பிறகு 8.5 மி.மீ. துளை. விளிம்பின் பிசிறை அரத்தால் நீக்கி, துருத்தடுப்பு பிரைமர் இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். காரின் தரைத்தகடு மிக மெல்லியது. வெறும் வாஷரை மட்டும் நம்பினால் கவிழும்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறிவிடும். ஆகவே அடிப்பக்கத்தில் 3 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகடு அவசியம். எஃப்ஐஏ கணக்கில் மெயின் ஹூப்பின் ஒவ்வொரு காலுக்கும் 120 சதுர செ.மீ. பரப்புள்ள தகடும் மூன்று எம்8 போல்ட்டுகளும், பின் தாங்கு குழாய்களுக்கு 60 சதுர செ.மீ. தகடும் இரண்டிரண்டு போல்ட்டுகளும் வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கையால் தொடுத்த பிறகு, குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறி, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) பார் தயாரிப்பாளர் தந்த அளவுக்கு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டுகள் 7/16 அங்குல மரையுடையவை. அந்தத் துளையில் மெட்ரிக் போல்ட்டைத் திணித்தால் மரை கெட்டுவிடும்.

சாலைக்கு, காருடன் வந்த மூன்று முனை பெல்ட்டையே வைத்திருங்கள். அது பாரில் உரசாமல் சுருள்கிறதா என்று பலமுறை இழுத்துப் பாருங்கள். டிராக்கில் ஹார்னஸ் போடுவதானால், அதன் தோள் பெல்ட்டுகள் இருக்கையின் மேல்விளிம்பிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய கிடைமட்டமாக, 10 டிகிரிக்கு மேல் இறங்காமல் ஹார்னஸ் பாருக்கு (ஹார்னஸைக் கட்டும் குறுக்குக் குழாய்க்கு) செல்வது நல்லது. தரையை நோக்கிச் செங்குத்தாக இறங்கினால் மோதலின்போது அவை முதுகெலும்பை அழுத்தும்.

தலை எட்டக்கூடிய ஒவ்வொரு குழாய்க்கும் எஸ்எஃப்ஐ 45.1 அல்லது எஃப்ஐஏ 8857-2001 என்ற பந்தயப் பாதுகாப்புத் தரமுள்ள கடினமான பேடிங் போடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மென்மையான பஞ்சு விரலால் அழுத்தினாலே அடிவரை அமுங்கும். தலை மோதும்போது அதனால் பயனில்லை. தரமான பேடிங்கும் ஹெல்மெட் அணிந்த தலையை எண்ணியே உருவானது என்பதால், இருக்கையை நிமிர்த்தி, தலைச்சாய்வை உயர்த்தி, பின்னால் மோதும் விபத்திலும் தலை குழாயை எட்டாதவாறு வைப்பதே முதல் காப்பு.

100 கி.மீ. ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். பிரிட்டனில் ஓட்டுபவர்கள், பாரைப் பொருத்தியதை காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட பதிலைக் கையில் வைத்துக்கொண்டே காரை வெளியே எடுக்க வேண்டும்.