வெளிநாட்டு வகுப்போடு இணையப் பழக்குதல்: ஆசிரியர் பயிற்சி தரும் கருத்தாளர்களுக்கு

பயிற்சியை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். அரை நாள் வீதம் இரண்டு அமர்வுகள், நடுவே மூன்று வாரம் என்று பிரியுங்கள். சேர்ந்து செயல்பட வெளிநாட்டில் ஓர் ஆசிரியரைத் தேடுவதும் அவரோடு கடிதப் போக்குவரத்தும் அந்த மூன்று வாரத்தில்தான் நடக்கும். ஒரு நாள் பயிற்சியில் மென்பொருளை மட்டுமே காட்ட முடியும். பெரும்பாலான இணைப்புகள் மென்பொருளால் அறுந்துபோவதில்லை.

முதல் அமர்வில் விளக்கப் படங்களை ஓட்டுவதற்கு முன் ஒரு ஒத்திகை. இருபது பேரை இரண்டு அறைகளில் பிரித்து, அறைக்கு ஒரு மடிக்கணினி வைத்து, ஜூமிலோ கூகுள் மீட்டிலோ பேசச் சொல்லுங்கள். நடுவில் அதே அறையில் இன்னொருவர் கைபேசியிலும் சேரட்டும். உடனே காதைக் கிழிக்கும் ஊளைச் சத்தம் கிளம்பும். ஒரு கருவியின் ஒலிபெருக்கியில் வருவதை மற்றதன் மைக் வாங்கித் திருப்பி அனுப்புவதுதான் காரணம். ஓர் அறையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் மைக்கும் ஒலியும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுப்பதைவிட, இப்படிக் கேட்கவைத்தால் மறக்காது.

ஒலிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். படம் மங்கினாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லை என்றால் இரண்டே நிமிடத்தில் கவனம் போய்விடும். நாற்பது பேர் வகுப்பில் கடைசி பெஞ்சின் குரல் மடிக்கணினி மைக்குக்கு எட்டாது. கருவியிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, பேசுகிறவர் அங்கே வந்து நிற்கட்டும். பேசும் நேரம் மட்டும் மின்விசிறியை நிறுத்துங்கள்: மென்பொருளில் இரைச்சலை நீக்கும் வசதி, விசிறிச் சத்தத்தோடு மெல்லிய குரலையும் சேர்த்து விழுங்கிவிடும். ஜன்னல் பிள்ளைகளுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். மின்வெட்டு வந்தால் மோடமும் நின்றுவிடும் என்பதால், கைபேசி ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள். ஒரு மணி நேரக் குழு அழைப்புக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 ஜிபி டேட்டா ஆகும். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டிக்கும். 25 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. இங்கிலாந்து நம்மைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி பின்தங்கியது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். முந்தைய வாரம் பேசிய அதே நேரத்துக்கு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். அங்கே காலை 9 மணி குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30. ஜப்பான் மூன்றரை மணி முன்னே. அங்கே கடிகார மாற்றம் கிடையாது. நியூயார்க்கில் பள்ளி தொடங்கும்போது இங்கே பள்ளி விட்டிருக்கும், அங்கெல்லாம் நேரலை வேண்டாம், பதிவுசெய்த காணொளிகள் போதும்.

இணைப்பள்ளி தேட, 1988-இல் தொடங்கிய ஐஎர்ன் போன்ற ஆசிரியர் வலைப்பின்னல்கள் உண்டு. முதல் கடிதத்தை அமர்விலேயே எழுதவையுங்கள். "சேர்ந்து செயல்பட ஆசை" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அரிது, எதிரில் இருப்பவர் எதை வைத்து முடிவெடுப்பார்? மாணவர் வயது, எண்ணிக்கை, பேசும் மொழி, அவர்கள் கடிகாரப்படி ஒத்துவரும் நேரம், யார் எதை எந்தத் தேதிக்குள் அனுப்புவது, இந்த ஐந்தும் இருக்க வேண்டும்.

பொருள் சிறியதாக இருக்கட்டும். "பண்பாட்டுப் பரிமாற்றம்" என்றால் பரதநாட்டியப் படம் போவதோடு முடியும். மழையை அளக்கச் சொல்லுங்கள். நேர்ப்பக்கமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். வளைந்த அடிப்பகுதியில் கூழாங்கல் போட்டு நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் கொண்டு மில்லிமீட்டர் அளவுகோல் ஒட்டுங்கள். இரு பள்ளியும் பத்து நாள், தினமும் அவரவர் காலை 9.30-க்குக் குறித்து, ஒரே விரிதாளில் ஏற்றட்டும். நமக்கு வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர் இதற்கு ஏற்ற மாதம். நேரலை கடைசியில்தான், அப்போது பிள்ளைகளிடம் கேட்க உண்மையான கேள்விகள் இருக்கும்.

பெற்றோர் ஒப்புதலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தையாகவே கொள்கிறது. முகமும் முழுப்பெயரும் ஒரே படத்தில் வரக்கூடாது.

இரண்டாம் அமர்வுக்கு ஒவ்வொருவரும் தமக்கு வந்த பதில் கடிதத்தோடு வரட்டும். பதில் வராதவரைக் கடிந்துகொள்ளாமல், அவர் கடிதத்தை எல்லோரும் சேர்ந்து திருத்தி, அங்கேயே மூன்று பேருக்கு அனுப்பவையுங்கள்.